சளி பிடிக்காத தண்ணீர்

எங்கள் ஊரில் ஆனி, ஆடி இரண்டு மாதமும் யார் வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் கேள்வி, ‘குளிச்சாச்சா?’ என்பதுதான். சாப்பாட்டைப் பற்றி அதற்கப்புறம் கேட்பார்கள். தென்காசியில் எங்கள் வீட்டிலிருந்து குற்றாலம் ஐந்தருவிக்கு ஆட்டோவில் போய்விடலாம். அங்கே அப்பாவுக்குச் சீசன் கடை. சோப்பு, ஷாம்பு பாக்கெட், துண்டு, ஜட்டி, நல்லெண்ணெய் என்று குளிக்க வருகிறவர்கள் வீட்டில் மறந்துவிட்டு வரும் சாமான்கள் எல்லாம் அந்தக் கடையில் இருக்கும். அந்தக் கடைக்காரரின் ஒரே மகளான நான், விமானத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அருவியில் தலை நனைக்கவே இல்லை. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை அழைத்துக்கொண்டு போவேன். அவர்கள் குளிக்கும்வரை கரையில் நின்று செருப்பும் செல்போனும் காவல் காப்பேன்.

காரணம் காது. மூக்கடைப்போடு விமானத்தில் ஏறினால், இறங்கும்போது காதுக்குள் காற்று மாட்டிக்கொண்டு உயிர் போகிற மாதிரி வலிக்கும். செவிப்பறை கிழிந்தும் போகலாம். என்னோடு பயிற்சி எடுத்த ஒருத்திக்குக் கிழிந்தது. அவள் அதோடு வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனாள். அதனால் சளி பிடித்தால் பறக்கக் கூடாது என்று விதி. நல்ல விதிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் பறக்காத நாளுக்கு எங்களுக்குக் காசு கிடையாது.

எங்கள் சம்பளத்தை யாரிடம் விளக்கினாலும் நம்புவதில்லை. அடிப்படைச் சம்பளம் என்று ஒன்று வரும். அது சென்னையில் மூன்று பெண்களோடு நான் தங்கியிருக்கும் அறையின் வாடகைக்கும், சாப்பாட்டுக்கும், கம்பெனி சொல்கிற நிறத்தில் மட்டுமே பூச வேண்டிய உதட்டுச் சாயத்துக்கும், வாங்கிய மறுவாரமே கிழிகிற காலுறைகளுக்கும் சரியாகப் போய்விடும். வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் பறந்த நேரத்துக்குக் கிடைக்கும் படியிலிருந்துதான். அந்த நேரம் விமானம் நகர்ந்தால்தான் ஓடத் தொடங்கும். போய் நின்றதும் அதுவும் நின்றுவிடும். அதற்கு முன்னால் விடியாத பொழுதில் எழுந்து கொண்டை போட்டு, குடிக்கவில்லை என்று கருவியில் மூச்சை ஊதிக் காட்டி, பயணிகளை ஏற்றி, அவர்கள் அம்மிக்கல்லை அடைத்துக்கொண்டு வந்த பெட்டிகளைத் தூக்கி மேலே செருகுவதெல்லாம் தர்மக் கணக்கு. மழையில் விமானம் தரையிலேயே நின்றுவிட்டால், உள்ளே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் எங்களைத் திட்டுகிற நேரமும் தர்மக் கணக்குதான். அப்போதும் சிரித்த முகமாக இருக்க வேண்டும்.

ஊரில் என் பெயர் ‘பிளேன்காரி’. அப்பா கடைக்குப் பக்கத்தில் மங்குஸ்தான் பழம் விற்கும் அண்ணாச்சி என்னைப் பார்க்கும்போதெல்லாம், “என்ன பாப்பா, நம்ம ஊருக்கு மேல போவும்போது ஒரு கையக் காட்டக் கூடாதா?” என்பார். சொந்தக்காரர்கள் வெளிநாட்டு சென்ட் கேட்பார்கள். நான் போகிற வெளிநாடு பாட்னாவும் ராய்ப்பூரும் என்று சொன்னால், கொடுக்க மனசில்லாமல் பொய் சொல்கிறேன் என்று முகம் சுளிப்பார்கள். ஒரு கல்யாண வீட்டில், நான் போட்டிருந்த கவரிங் கம்மலைப் பார்த்த ஒரு அத்தை என் காதுபடவே, “லெச்ச லெச்சமா வாங்குதா, ஒரு தங்கக் கம்மலுக்கு வழியில்லாமலா இருப்பா? எல்லாம் நடிப்பு” என்றாள். எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. அன்று காலையில்தான் ஊருக்கு வந்திருந்தேன், அன்று மாலையே திரும்ப வேண்டும்.

அப்பா ஒருவர்தான் என் பிழைப்பைச் சட்டென்று புரிந்துகொண்டார். அவருக்கு அருவியில் தண்ணீர் விழுந்தால் வியாபாரம். குறைந்தாலும் போச்சு, கூடி வெள்ளமாகிப் போலீஸ்காரர் விசிலடித்துக் கூட்டத்தை விரட்டினாலும் போச்சு. “ஒனக்கு மேகம் எறங்கினா நட்டம், எனக்கு மேகம் எறங்கலேன்னா நட்டம். நல்ல குடும்பம்டா சாமி” என்று சிரிப்பார்.

பணத்தைவிடப் பெரிய தொல்லை ரோஸ்டர். அடுத்த மாதம் என்றைக்கு எந்த ஊருக்கு, என்றைக்கு விடுப்பு, என்றைக்கு அறையிலேயே காத்திருந்து கூப்பிட்டால் ஓட வேண்டும் என்கிற அட்டவணை, இந்த மாதம் முடியப் போகிற நேரத்தில்தான் கைபேசிக்கு வரும். செங்கோட்டை ரயிலுக்கு இரண்டு மாதம் முன்னாலேயே டிக்கெட் தீர்ந்துவிடும். அதனால் நான் எந்த ரயிலிலும் படுத்துக்கொண்டு ஊருக்குப் போனதில்லை. தீபாவளிக்கு வருவாயா, கோயில் கொடைக்கு வருவாயா என்று கேட்டால் தெரியாது என்பேன். நான் பிகு பண்ணுவதாக நினைப்பார்கள். எனக்கு உண்மையிலேயே தெரியாது. வந்த ரோஸ்டரும் வந்தபடி இருக்காது. யாருக்காவது காய்ச்சல் என்றால் என் விடுப்பு போய்விடும்.

இப்படியே இருந்துகொண்டிருந்தபோதுதான் அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. பயப்படும்படியான கட்டி இல்லை. ஆனால் மாதம் பாதி நாள் ரத்தப்போக்கு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கினாள், முகம் வெளுத்துக்கொண்டே போனது. கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டரம்மா. தென்காசியிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே பெண்கள் வார்டில் துணைக்குப் பெண்கள்தான் இருக்கலாம். அம்மா எதையும் கேட்கிற ஆள் இல்லை. இதை மட்டும் கேட்டாள்.

“நீ பக்கத்துல இருந்தா போதும்ட்டி. வேற ஆரும் எனக்கு வேண்டாம். எந்திரிக்கவும் ஒக்காரவும் ஆளு பிடிக்கணும், துணி மாத்தணும். அதெல்லாம் நான் ஆருகிட்டப் போய்ச் சொல்லட்டும்?”

நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னபோது அது ஒரு பெரிய வாக்காகத் தோன்றவில்லை. எந்த மகளும் செய்கிற காரியம்தானே என்றுதான் நினைத்தேன்.

அதன்பின் ஆபரேஷன் தேதியை என் ரோஸ்டருக்காக இரண்டு முறை தள்ளிவைத்தோம். முதல் முறை என் விடுப்பு கடைசி நேரத்தில் ரத்தானது. இரண்டாவது முறை, ஆபரேஷன் செய்யத் திருநெல்வேலியிலிருந்து வரும் டாக்டரம்மாவின் நாளும் என் நாளும் பொருந்தவில்லை. மூன்றாவதாக ஆடியில் ஒரு தேதி குறித்தார்கள். டாக்டரம்மா என்னிடமே போனில் பேசினார். “இனிமே தள்ள முடியாதும்மா. உங்களுக்கு லீவு கிடைக்கிறவரைக்கும் உங்க அம்மா உடம்புல ரத்தம் மிச்சம் இருக்கணும்ல?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் அன்று முழுவதும் அந்தக் கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

ரோஸ்டர் வந்தது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் வேலை, ஆபரேஷன் அன்று நான்கு விமானம், அதற்கடுத்த இரண்டு நாள் விடுப்பு. அந்த விடுப்பு ஒரே ஒரு நாள் முன்னால் விழுந்திருந்தால் எல்லாம் சரியாக அமைந்திருக்கும். டூட்டி பிரிக்கிற அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர் தூக்கக் குரலில், “மேடம், இது பீக் டைம். லீவெல்லாம் க்ளோஸ். யார்கூடயாவது ஸ்வாப் பண்ணிக்கோங்க” என்றார். மாற்றிக்கொள்ள ஒருத்தி சம்மதித்தாள், பாவம், நல்ல பிள்ளை. ஆனால் அப்படி மாற்றினால் அவளுக்கு இரண்டு டூட்டிக்கு நடுவில் இருக்க வேண்டிய ஓய்வு நேரம் குறைகிறது என்று கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு ஆபரேஷன் என்று மேலதிகாரிக்கு எழுதினேன். வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது. அந்தப் பதிலில் ஆங்கிலம் மிக நன்றாக இருந்தது.

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். சீசன் நேரத்தில் அப்படிச் சொன்னால் கம்பெனி டாக்டர் முன்னால் போய் நிற்க வேண்டும். வயிற்று வலி, தலைவலி எல்லாம் அவரிடம் செல்லாது. மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார். அவர் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுக்கிற ஒரே வியாதி காதடைப்பு. சின்ன விளக்கைக் காதுக்குள் விட்டுப் பார்ப்பார். உள்ளே சிவந்து வீங்கியிருந்தால் ஒரு வாரம் பறக்கத் தடை. நடித்து ஏமாற்ற முடியாது, உண்மையிலேயே அடைத்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் பறக்கவில்லை என்றால் அந்த மாதப் படியில் பெரிய துண்டு விழும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு நான் அதைத்தான் நம்பியிருந்தேன். பறந்தால் அம்மாவின் ஆபரேஷனுக்குப் பணம் வரும், நான் வர முடியாது. பறக்காவிட்டால் நான் வரலாம், பணம் வராது. இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டு மண்டை காய்ந்தது. கடைசியில், பணத்தை எங்கேயாவது புரட்டிக்கொள்ளலாம், அம்மாவுக்குத் துணையைப் புரட்ட முடியாது என்று முடிவு செய்தேன். ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் ஒரு விடுப்பு இருந்தது. பஸ் பிடித்து ஊருக்கு வந்து, வருஷக்கணக்கில் எதற்குப் பயந்து கரையில் நின்றேனோ அதைச் செய்ய நேராக அருவிக்குப் போனேன். சளி பிடிக்க வைத்துக்கொள்ளக் குற்றாலத்துக்குப் போன ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஐந்தருவிக்குப் போனால் அப்பா பார்த்துவிடுவார். பழைய குற்றாலத்துக்குப் போனேன். நல்ல சாரல். மலையே தெரியாமல் மேகம் மூடியிருந்தது. பெண்கள் பக்கம் நைட்டியும் சுடிதாருமாகக் கூட்டம் நெருக்கியடித்தது. யாரோ ஒரு அக்காவின் முழங்கைக்கும் ஒரு குழந்தையின் அழுகைக்கும் நடுவில் புகுந்து தலையைக் கொடுத்தேன். தண்ணீர் உச்சந்தலையில் இடித்தது. மூச்சு முட்டியது. நெஞ்சுக்குள் இருந்த கணக்கு, தேதி, போன் பேச்சு எல்லாம் கொஞ்ச நேரம் எங்கேயோ போய்விட்டன. நான் காரியமாக வந்தவள் என்பதே மறந்துவிட்டது. இவ்வளவு நாள் இதை விட்டுவிட்டு இருந்தோமே என்று ஆத்திரமும் வந்தது.

பக்கத்தில் வெளியூர்ப் பெண் ஒருத்தி பயந்து பயந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தாள். “எனக்கு சைனஸ் இருக்கு, ஒத்துக்குமா?” என்று பொதுவாகக் கேட்டாள். உள்ளூர்க்காரி ஒருத்தி அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். “குத்தாலத் தண்ணியில சளி பிடிக்காதுக்கா. மேல பூரா மூலிகைல்லா. எவ்வளவு நேரம் நின்னாலும் ஒண்ணும் செய்யாது.” எனக்குச் சிரிப்பு வந்தது. அதை நானே எத்தனையோ விருந்தாளிகளிடம் சொல்லியிருக்கிறேன், அப்பா கடையில் துண்டு விற்பதற்காக.

நான் விடவில்லை. காதைத் தண்ணீருக்குக் காட்டிக்கொண்டு நின்றேன். ஏறி வந்து, துவட்டாமல், ஈரத்துணியோடு சாரலில் உட்கார்ந்து குச்சி ஐஸ் வாங்கித் தின்றேன். மறுபடியும் போய் நின்றேன். சின்ன வயதில் எதையெல்லாம் செய்யாதே என்று அடித்தார்களோ அதையெல்லாம் வரிசையாகச் செய்தேன். திரும்பும்போது ஆட்டோவில் ஓரமாக உட்கார்ந்து ஈரத்தலையை வெளியே நீட்டி எதிர்க்காற்று வாங்கினேன். ஆட்டோக்காரர், “ஏம்மா, தலைய உள்ள வையி. எதுத்தாப்புல பஸ் வருது” என்று அதட்டினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா பார்த்துவிட்டாள். கட்டிலில் சுருண்டு படுத்திருந்தவள் எழுந்தே விட்டாள்.

“ஏட்டி! கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? தலையில குளிச்சிருக்க? காதுல தண்ணி போச்சுன்னா எப்படி வேலைக்குப் போவ?”

“சும்மா ஒரு நாள்தானம்மா.”

“சும்மாவா? நாலு நாள் போவாட்டா சம்பளத்தப் பிடிச்சிருவான்னு நீதான சொல்லுவ? இங்கன வந்து ஒக்காரு.”

வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் துண்டை எடுத்து என் தலையை மயிர்க்கால் வலிக்கிற மாதிரி துவட்டினாள். படும்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றால் கேட்கவில்லை. சாம்பிராணி போட்டுப் புகை காட்டினாள். சுக்கைத் தட்டிப் போட்டுக் காப்பி வைத்தாள். மதியத்துக்கு நெஞ்சு எரிகிற அளவு மிளகு ரசம். துண்டின் நுனியைத் திரித்துக் காதுக்குள் இருந்த தண்ணீரைக்கூட ஒற்றி எடுத்துவிட்டாள். உனக்காகத்தான் சளி பிடிக்க வைக்கிறேன் என்று சொன்னால் ஆபரேஷனே வேண்டாம் என்றுவிடுவாள். அவளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. உதடு வெளுத்திருந்தது. அந்த நிலையிலும் என் காரியத்தை மொத்தமாகக் கெடுத்துவிட்டுத்தான் படுக்கப் போனாள்.

மறுநாள் சென்னையில் கம்பெனி டாக்டர் முன்னால் உட்கார்ந்து, காது வலிக்கிறது என்றேன். விளக்கை விட்டுப் பார்த்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதச் சொன்னார். இன்னொரு காதையும் பார்த்தார். “எங்கேம்மா வலிக்குது? இந்த வாரம் நான் பார்த்ததிலேயே நல்ல காது உன்னோடதுதான்” என்றார். தும்மல்கூட வரவில்லை. பல நாளாக இருந்த தோள் வலியும் தலைப்பாரமும் விட்டுப் போய் உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி ஊரே சொல்கிற பெருமை, என் ஒருத்தி விஷயத்திலாவது பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று நொந்துகொண்டேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். வர முடியவில்லை, ஆபரேஷன் முடிந்த மறுநாள்தான் வருவேன் என்று. “சரி, அதுக்கென்ன. ஒஞ் சித்தி வாரேன்னுருக்கா. நீ மனசப் போட்டு ஒளப்பாத” என்றாள். சித்தி அம்மாவின் தங்கை. புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் மண்டி வைத்திருக்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். மண்டி ஆட்களுக்குச் சமைத்துப் போடுவதே அவளுக்குப் பெரும் பாடு. அவளால் இரண்டு நாள்தான் இருக்க முடியும். அந்த இரண்டு நாளைக்கு நான் அவளுக்குக் காலம் முழுக்கக் கடமைப்பட்டவள்.

ஆபரேஷன் அன்று எனக்கு முதல் விமானமே மதுரைக்கு. வேறு எந்த ஊராக இருந்தாலும் மனசைத் தேற்றியிருப்பேன். விமானம் நிறையக் குற்றாலத்துக்குப் போகிற கூட்டம். ஒரு அம்மா என் கையைத் தொட்டு, “நாங்க குற்றாலம் போறோம்மா. தண்ணி நல்லா விழுதாமே, உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார். “நல்லா விழுது மேடம். சந்தோஷமா குளிச்சிட்டு வாங்க” என்றேன். தண்ணீர் பாட்டில் விற்றேன். முந்திரி விற்றேன். எனக்குள்ளே ஒருத்தி கத்திக்கொண்டே இருந்தாள், வெளியே ஒருத்தி சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மதுரையில் பின் கதவைத் திறந்து படி பொருத்தினார்கள். வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கைகூப்பினேன். சூடான காற்று முகத்தில் அடித்தது. அந்தப் படியில் இறங்கி வெளியே போய் ஒரு வாடகைக் கார் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குத் தென்காசி. அவர்களெல்லாம் அப்படித்தான் போனார்கள். குற்றாலத்தைப் பற்றிக் கேட்ட அம்மா கீழே போய்த் திரும்பிப் பார்த்துக் கையாட்டினார். நான் உள்ளே வந்து, இருக்கைப் பைகளில் இருந்த குப்பையைப் பொறுக்கினேன். எங்கள் விமானத்தில் அதுவும் எங்கள் வேலைதான். குப்பைப் பையோடு நின்றபடி போனைப் பார்த்தேன். சித்தி அனுப்பியிருந்தாள்: உள்ள கூட்டிட்டுப் போய்ட்டாங்க. அழுகை வந்தது. அழுதால் மை கரையும், கரைந்தால் யாராவது கம்பெனிக்குப் புகார் எழுதிப் போடுவார்கள். நிமிர்ந்து கூரையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றேன். புதுக் கூட்டம் ஏறத் தொடங்கியது.

அதன்பின் சென்னையில் இறங்குகிற வரைக்கும் என் அம்மா உயிரோடு இருக்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது. இறங்கியதும் போனைத் திறந்தேன். நல்லபடியாக முடிந்துவிட்டது. அப்பா கடையைப் பக்கத்து அண்ணாச்சி பார்த்துக்கொண்டாராம், அப்பா ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருந்தாராம். அன்றைக்கு இன்னும் இரண்டு விமானம் மீதம் இருந்தது.

மறுநாள் விடிகிறதற்கு முன்னாலேயே ஊழியர் டிக்கெட்டோடு விமான நிலையத்தில் நின்றேன். எங்களுக்குச் சலுகை விலையில் டிக்கெட் உண்டு. ஆனால் காசு கொடுத்த எல்லோரும் ஏறிய பிறகு இடம் மிஞ்சினால்தான் எங்களுக்கு. மதுரை விமானம் நிறைந்துவிட்டது. தூத்துக்குடி விமானமும் நிறைந்துவிட்டது. எல்லாம் சாரலுக்குப் போகிற கூட்டம். எங்கள் ஊருக்குப் போகத்தான் எனக்கு இடமில்லை. கடைசியில் திருவனந்தபுரத்துக்குப் போகிற விமானத்தில் கழிப்பறை ஓரத்தில் ஒரு இருக்கை மிஞ்சியது. அங்கே இறங்கி, கேரள பஸ்ஸில் புனலூர் வழியாக மலையேறி, ஆரியங்காவு தாண்டிச் செங்கோட்டைக்கு வந்து, மறுபடியும் டவுன் பஸ் ஏறித் தென்காசி. பாதி வழி நின்றுகொண்டே வந்தேன். இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. கண்ணுக்குள் மணல் போட்ட மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மத்தியானம். அம்மா சின்னதாகிப் போயிருந்தாள். கையில் ஊசி, பக்கத்தில் சிறுநீர்ப் பை. என்னைப் பார்த்ததும், “சாப்பிட்டியா?” என்றாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு இளம் பெண், அவளுக்குத் துணையாக அவள் மாமியார். “எம் மக. சென்னையிலேர்ந்து வாரா. இனி இவ பாத்துக்கிடுவா” என்று அம்மா அவர்களிடம் சொன்னாள். அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சித்தி என் கையில் மருந்துச் சீட்டுகளையும் பிளாஸ்க்கையும் கொடுத்துவிட்டுப் புளியங்குடி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நர்ஸ் வந்து, “சாயங்காலம் எந்திரிச்சு நடக்க வைக்கணும். முதல் நடை, தலை சுத்தும். நீங்க பக்கத்துலயே பிடிச்சுக்கிட்டு வரணும், விட்டுரக் கூடாது” என்றாள். நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். இதற்குத்தானே இவ்வளவு பாடு.

அம்மாவுக்கு இரண்டு வாய் கஞ்சி கொடுத்தேன். முகத்தைத் துடைத்துவிட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் துணைக்கு வருகிறவர்களுக்கென்று ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்து அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். மேலே மின்விசிறி. வெளியே சாரல். சுவரில் கொஞ்சம் சாய்ந்தேன்.

விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் மங்கியிருந்தது. என் தலைக்கடியில் அம்மாவின் தலையணை இருந்தது. கட்டில் காலியாக இருந்தது.

அலறியடித்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். அம்மா ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு, அடி அடியாக வந்துகொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில் மாமியார் ஒரு கையில் சிறுநீர்ப் பையைத் தூக்கிக்கொண்டு, மறு கையால் அவள் இடுப்பை அணைத்தபடி, “பைய, பைய” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அம்மாவின் நெற்றி முழுக்க வேர்வை. எதிரே வந்த நர்ஸ் சத்தம் போட்டாள். “என்னம்மா இது? உங்க மகளத்தானே பிடிக்கச் சொன்னேன்? அவங்க எங்க?”

“கத்தாதீங்க தாயி” என்றாள் அம்மா. அவளுக்குப் பேச மூச்சு போதவில்லை. “அவ இப்பதான் கண்ண மூடியிருக்கா.”

அப்போதுதான் என்னைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது. ஏதோ தன்னால் ஒரு தப்பு நடந்துவிட்ட மாதிரி, “ஏன்ட்டி எந்திரிச்ச? இன்னும் செத்த நேரம் படுத்திருக்கலாம்லா. நாளைக்குப் பொறப்படணும்லா நீ” என்றாள்.

அந்த அம்மாளின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டேன். அம்மாவின் இடுப்பில் கைகொடுத்தேன். அவள் தன் பாரத்தை என்மேல் சாய்க்கவில்லை, சுவரையேதான் பிடித்துக்கொண்டாள். கட்டிலுக்குப் போக வேண்டிய தூரம் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. அந்த மிச்சத்துக்கு நான் கூட நடந்தேன்.